அழகியல் என்றால் அழகா?

மழையில் சாய்ந்த சம்பாப் பயிர். தண்ணீர் வடியாமல் கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. ஒரு கை அதை அள்ளிப் பிசைந்து பார்க்கிறது. மன்னார்குடிப் பக்கத்துப் பையன் எடுத்த குறும்படத்தில் இந்தக் காட்சி இரண்டு நிமிடம் ஓடியது. திரையிட்டு முடிந்ததும் பேசியவர், "கருத்து இருக்கு, அழகியல் இல்லை" என்றார். இதே தீர்ப்பை எத்தனை கூட்டங்களில் கேட்பது? அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கையில் கொடுத்த சொல் அப்படி.

அழகியல் என்று நாம் மொழிபெயர்த்த மூலச் சொல் ஈஸ்தெடிக்ஸ். கிரேக்கத்தில் ஐஸ்தேசிஸ் என்றால் புலன்வழி உணர்தல். ஜெர்மானிய மெய்யியலாளர் பௌம்கார்டன் 1735-இல் அதைத் துறைப்பெயராக்கினார். ஆஸ்பத்திரியில் சொல்லும் அனஸ்தீசியாவுக்கும் அதே வேர்தான். அதை உணர்விழப்பு என்கிறோம்; அழகிழப்பு என்பதில்லை.

அழகு இத்துறையின் ஒரு கூறு, மறுக்கவில்லை. ஆனால் கூறின் பெயரை முழுமைக்கும் சூட்டியதால், சினிமா அழகியல் என்றதும் பச்சை வயலும் பொன்வெயிலும்தான் நினைவுக்கு வருகின்றன. சட்டகமும் ஒலியும் படத்தொகுப்பும் காலமும் நம் புலன்களை என்ன செய்கின்றன என்று தத்துவத்தோடு சேர்த்து ஆராய்பவரின் உழைப்பு, ஒளிப்பதிவைப் பாராட்டும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. பிரெஞ்சு மெய்யியலாளர் டெலூஸ் 1983-லும் 1985-லும் சினிமாவைப் பற்றி எழுதிய இரு நூல்களும் அசைவையும் காலத்தையும் பற்றியவை. அவற்றையும் இதே சொல்லுக்குள் திணிக்கிறார்கள். 'அருவருப்பின் அழகியல்' என்று மொழிபெயர்ப்பாளர்கள் கூசாமல் எழுதுகிறார்கள். முருகியல் என்றாலும் இதே கோளாறுதான், முருகும் அழகுதானே.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்ச்சிகளை, சொல்கிறது. நகை, அழுகைக்கு அடுத்து மூன்றாவதாக நிற்பது இளிவரல், அதாவது அருவருப்பு. அந்த இயலின் கடைசி நூற்பா, 'கண்ணினும் செவியினும் திண்ணிதின் உணரும் உணர்வுடை மாந்தர்' என்கிறது. சினிமா பார்ப்பவனுக்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்? மெய்ப்பாட்டை விளக்க உரைகாரர்கள் கையாண்ட சொல் சுவை. ஆகவே என் தேர்வு சுவையியல்.

சமையல் குறிப்பு போல இருக்கிறது என்பார்கள். திருவையாற்றில் பாட்டுக் கேட்பவரைச் சுவைஞர் என்றால் யாரும் சாப்பாட்டை நினைப்பதில்லையே.

அந்தக் காட்சியில் கை சேற்றுக்குள் இறங்கும்போது சளக்கென்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த பெரியவர், அழுகிய வைக்கோல் நாற்றம் பட்டதுபோல மூக்கைச் சுளித்துக்கொண்டார். பேசியவர் இல்லை என்று சொன்னது அதைத்தான்.