முளைச்சாறு: ஒரு சொல் விளக்கம், கொஞ்சம் சண்டை

அக்கா மகன் மெல்போர்னில் இருக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குன்னூரில் மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த சாயங்காலம், வாட்ஸாப்பில் கூப்பிட்டான். "மாமா, வீட்லயே பீர் போட ஒரு கேன் வாங்கியிருக்கேன். இங்க ஒருத்தர் செய்முறையைத் தமிழ்ல எழுதிக் குடுத்தார். அதுல 'நொதிச்சாறு'ன்னு இருக்கு. அப்ப ஏற்கெனவே புளிச்சதுதானே? மறுபடி எதுக்கு ஈஸ்ட் போடச் சொல்றாங்க?"

பையன் கேட்டதில் தப்பே இல்லை. சொல்லில்தான் தப்பு. இந்த 'நொதிச்சாறு' என் கண்ணில் படுவது இது நான்காவது முறை. மூன்று முறை பேசாமல் இருந்துவிட்டேன்.

முதலில் பொருள். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் அது மால்ட். அதை உடைத்து 65 டிகிரிக்குச் சற்று மேலே சூடான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், முளைக்கும்போது தானியத்தில் சுரந்த நொதிகள் (என்சைம்கள்) மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். சக்கையை வடித்துவிட்டு, மிஞ்சிய இனிப்பு நீரில் கசப்புக்காக ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன்னால் இருக்கும் அந்தத் தித்திப்பு நீர்தான் ஆங்கிலத்தில் 'வெர்ட்'. ஈஸ்ட் போட்டு அது புளித்து முடிந்தால் பீர்.

'வோர்ட்' என்று படிக்காதீர்கள். வாயை அகலத் திறந்து 'வோர்ட்' என்றால் ஆங்கிலத்தில் அது தோலில் வரும் மரு. பழைய ஆங்கிலத்தில் 'வெர்ட்'டின் மூலச் சொல்லுக்குச் செடி, மூலிகை என்று பொருள். ஜெர்மனில் இதன் உறவான 'வூர்ட்சே' மணப்பொருளையும் குறிக்கும், பீருக்கான இந்தச் சாற்றையும் குறிக்கும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சோலை ஓரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஹைப்பெரிக்கம் வகைச் செடிகளுக்கு ஆங்கிலப் பெயரில் 'வெர்ட்' ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பழைய மூலிகைப் பொருளில்தான். சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

இனி அந்தக் கேன். ஆஸ்திரேலியாவில் வீட்டில் பீர் போடுகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று தகர டப்பா: சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கி 1.7 கிலோ அளவில் அடைத்திருப்பார்கள். சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து 20 லிட்டருக்கு மேல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று சுண்டக் காய்ச்சாத சாறு. ஆலையிலேயே எல்லா வேலையும் முடித்து, கொதிக்கக் கொதிக்க 15 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் ஊற்றி இறுக மூடிவிடுவார்கள். வாங்கி வந்தவர் சுத்தம் செய்த பாத்திரத்தில் அதைக் கவிழ்த்து, 20 லிட்டர் வரை தண்ணீர் விட்டு, ஈஸ்ட்டைத் தூவி, 18 முதல் 20 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் ஆயிற்று. (குன்னூரில் பாதி நாள் வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடுதான். ஆனால் இங்கே உரிமம் இல்லாமல் போட்டால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வரும். ஒரு காலத்தில் நீலகிரியின் பெயரிலேயே பீர் ஆலை இருந்தது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஐந்து தென்னிந்திய ஆலைகளை ஒன்றாக்கியபோது அதுவும் அவற்றில் ஒன்று. ஆலை போய்ச் சட்டம் நிற்கிறது. ஆகவே இது பார்சலில் வந்த சொல்லைப் பற்றிய பேச்சு மட்டுமே.)

சரி, 'நொதிச்சாறு' ஏன் ஆகாது?

அதற்காக வாதாடும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எனக்குப் பழக்கம். கோத்தகிரி போகும் பஸ்ஸில் ஒருமுறை அரைமணி நேரம் இதையே பேசினார். "நொதிக்கப்போகும் சாறு, அதான் நொதிச்சாறு. வினைத்தொகை சார். ஊறுகாய் மாதிரி. மூணு காலத்துக்கும் பொருந்தும்" என்றார். ஊறுகாயைக் காட்டினால் நான் வாய் மூடிவிடுவேன் என்று நினைத்திருப்பார் போல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை யாராவது 'ஊறுக்காய்' என்று எழுதுகிறோமா? வினைத்தொகை வேண்டுமென்றால் அது 'நொதிசாறு'. அவர் எழுதுவதோ ஒற்று மிகுந்த 'நொதிச்சாறு'. அப்படி எழுதியதுமே 'நொதி' பெயர்ச்சொல்லாகிவிடுகிறது. நம் பள்ளிப் புத்தகத்தில் நொதி என்றால் வயிற்றில் சோற்றைச் செரிக்க வைக்கிறதே, அது. ஆக, மருந்துக்கடையில் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க ஒரு டானிக் கேட்டது போல இருக்கிறது.

போகட்டும், ஒற்றை எடுத்துவிட்டு 'நொதிசாறு' என்றே வைத்துக்கொள்வோம். மூன்று காலத்துக்கும் பொருந்தும் என்று அவரே சொல்கிறாரே, வம்பே அங்குதான். நொதித்த சாறு பீர். நொதிக்கின்ற சாறு பாத்திரத்தில் நுரைத்துக்கொண்டிருப்பது. நொதிக்கும் சாறுதான் நமக்கு வேண்டியது. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத்தான் தனிச் சொல்லே தேவைப்படுகிறது. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொடுக்கும் சொல் எதற்கு?

பஸ்ஸில் இன்னொரு கட்சியும் கட்டினார்: "ஊறலில் நொதிதானே வேலை செய்யுது, அந்த வகையிலயும் சரிதான்." வேலை செய்கிறதுதான். ஆனால் சாற்றைக் கொதிக்க வைத்தவுடன் அந்த நொதிகள் செத்துவிடுகின்றன. கேனில் அடைபட்டு வரும் சாற்றில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. செத்துப்போனவர் பெயரில் வீட்டுக்குப் பட்டா போடுவது போலிருக்கிறது இந்த வாதம்.

இதற்கெல்லாம் இலக்கணமே வேண்டாம், சமையலறைக்குப் போனால் போதும். மார்கழியில் இந்த மலையில் இட்லி மாவு புளிக்க வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று இங்குள்ளவர்களைக் கேளுங்கள். அடுப்பு மேடையில் வைத்து, கம்பளியைச் சுற்றி, காலையில் திறந்து பார்த்தால் அரைத்தபடியே கிடக்கும். "மாவு இன்னும் புளிக்கலை" என்பார்கள். அரைத்த மாவை 'புளிமாவு' என்று ஒரு வீட்டிலும் சொன்னதில்லை. அரைத்தது வேறு, புளித்தது வேறு என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

மலையிறங்கினால் இன்னும் தெளிவு. மேட்டுப்பாளையம் பக்கம் தெளுவு, தெற்கே பதநீர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர், தடவாததில் இறங்கினால் கள். ஒரே மரம், ஒரே பாளை, இரண்டு சொல். பதநீருக்குச் சுண்ணாம்பு செய்யும் காவலைத்தான் அந்தக் கேனில் கொதிசூடு செய்கிறது. பதநீருக்கும் கள்ளுக்கும் என்ன உறவோ அதுதான் வெர்ட்டுக்கும் பீருக்கும். 'பார்லிப் பதநீர்' என்றே சொல்லிவிடலாமா என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் பதநீர் என்றதும் பனைதான் கண்முன் நிற்கும். விளக்கம் சொல்ல நல்ல உவமை, பெயராக வைக்க ஆகாது.

ஆகவே நான் சொல்வது 'முளைச்சாறு'. இங்கே 'ச்' மிகுவதில் குற்றமில்லை, முளையின் சாறு. முளைகட்டிய தானியத்திலிருந்து வடித்தது என்ற செய்தி சொல்லிலேயே இருக்கிறது, புளித்ததா என்ற குழப்பம் இல்லை. முளைப்பயறுச் சாற்றோடு குழம்பும் என்று தோன்றினால் முதல் முறை 'பார்லி முளைச்சாறு' என்று எழுதிவிட்டால் போதும். (வாற்கோதுமை வேண்டாம். அப்படி எழுதுகிறவர்களும் கடையில் பார்லி என்றுதான் கேட்கிறார்கள்.)

முளை நமக்குப் புதியதும் இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள் போடும் முறை அப்படியே இருக்கிறது. 'அவையா அரிசி அங்களித் துழவை'யை, அதாவது குற்றாத அரிசியைத் துழாவிச் சமைத்த கூழை, அகன்ற வாயுள்ள பிழா என்ற தட்டில் ஆறவைத்து, 'நல்லடை'யைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, சாடியில் 'வழைச்சு அற விளைந்த' பிறகு, அதாவது இளமை நீங்க முற்றியதும், அரித்தெடுக்கிறார்கள். அந்த நல்லடையை உரையில் முளையடை என்கிறார்கள். கூழின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க முளையைச் சேர்ப்பது, பார்லி ஊறலில் நடக்கிற அதே வேலை. 'விளைந்த' என்ற சொல்லையும் கவனியுங்கள். விளைவதற்கு முன், விளைந்த பின் என்று கோடு அங்கேயே கிழித்திருக்கிறார்.

தூய தமிழ்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. பீர் பீராகவே இருக்கட்டும், ஹாப்ஸும் ஈஸ்ட்டும் அப்படியே. மால்ட் என்பது ஏற்கெனவே நம் வீட்டுச் சொல், என்ன, சில ஓட்டல்களில் முளையே கட்டாத கேழ்வரகு மாவைப் பாலில் கரைத்து 'ராகி மால்ட்' என்று விற்கிறார்கள். எனக்குக் கோபமெல்லாம் பொருளைத் தொட்டுப் பார்க்காமல் சொல்லைப் பெயர்க்கிறவர்கள் மேல்தான். அக்கா மகன் அனுப்பிய தாளின் தலைப்பில் 'புதிய நொதிச்சாறு கருவிப்பெட்டி' என்றிருந்தது. உள்ளே ஒரு கருவியும் கிடையாது, பெட்டியும் கிடையாது. 'புதிய' என்பது அங்கே சுண்டக் காய்ச்சாதது என்ற பொருளில் வந்தது, நேற்று வந்தது என்ற பொருளில் அல்ல. என் கைப்பேசியிடம் அதே தலைப்பின் ஆங்கிலத்தை, 'ஃப்ரெஷ் வெர்ட் கிட்' என்பதை, கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னேன். 'புதிய மரு கிட்' என்றது. அதற்குப் பஸ்ஸில் பேசிய மொழிபெயர்ப்பாளரே தேவலை.

தாளின் மூன்றாம் வரிதான் பையனை மிரட்டியிருக்கிறது: 'கேனில் உள்ள நொதிச்சாறு நொதித்திருந்தால் பயன்படுத்தக் கூடாது.' திருத்தி அனுப்பினேன்: 'கேன் உப்பியிருந்தால் உள்ளே முளைச்சாறு தானாகவே புளித்துவிட்டது என்று பொருள். கொட்டிவிடவும்.'

பதில் பத்து நிமிடத்தில் வந்தது. "உப்பலை மாமா. ஈஸ்ட் போட்டுட்டேன்."