சின்கிரெடிசம்: கலப்பா, இணைவா?

வெவ்வேறு சமயங்கள் ஒன்றோடொன்று சேர்வதைக் குறிக்கும் ‘சின்கிரெடிசம்’ (syncretism) என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதன் பிறப்பிலிருந்து தொடங்கலாம். கிரேக்கத்தின் கிரீட் தீவினர் தங்களுக்குள் ஓயாமல் சண்டையிடுவார்கள். வெளிப்பகை வந்தால் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். அந்த ஒன்றுசேர்தலை அவர்கள் ‘சின்கிரெடிஸ்மோஸ்’ என்றதாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதுகிறார். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இறையியல் சண்டைகளில் அது வசைச்சொல்லாயிற்று. ‘கலத்தல்’ என்னும் வேறொரு கிரேக்க வினையின் ஒலியை ஒத்திருந்ததால் அந்தப் பொருளும் ஒட்டிக்கொண்டது. ‘சமயக் கலப்பு’ என்ற தமிழாக்கம் இந்தப் பிற்காலப் பொருளையே பின்பற்றுகிறது.

பிரேசிலுக்குப் பொருத்திப் பார்த்தால் குறை தெரியும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞானஸ்நானம் பெற்றாலும் தங்கள் தெய்வங்களான ஒரிஷாக்களை விடவில்லை. அவர்களிடையே உருவான கந்தோம்ப்ளே என்னும் சமய வழிபாட்டில் ஒவ்வொரு ஒரிஷாவுக்கும் ஒரு கத்தோலிக்கப் புனிதர் இணையானார். இயான்சான் என்னும் ஒரிஷா புயலுக்கும் மின்னலுக்கும் உரியவள். புனித பார்பராவைக் கொன்ற தந்தை மின்னல் தாக்கி இறந்தார் என்பது மரபுக்கதை; இடிமின்னலிலிருந்து காக்க அவளை வேண்டுவார்கள். அதனால் டிசம்பர் 4, பார்பரா திருநாளில், பயீயா மாநிலத் தலைநகரான சால்வதோர் இயான்சானின் நிறமான சிவப்பை உடுத்துகிறது.

இந்த இணைகளை நிலையான பட்டியலாக எழுதுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. இரும்புக்கும் போருக்கும் உரிய ஒகும், ரியோவில் புனித ஜார்ஜ். பயீயாவிலோ புனித அந்தோணியார். பயீயாவில் ஜார்ஜுக்கு இணை, வேட்டைத் தெய்வமான ஒஷோசி. அதே ஒஷோசி ரியோவில் அம்பு பாய்ந்த புனித செபஸ்தியார். ஊர் மாறினால் ஜோடி மாறும். தெய்வங்கள் கலந்து ஒன்றாகியிருந்தால் இது நடக்காது.

புனிதர்கள் எசமானரை ஏமாற்றிய முகமூடி மட்டுமே என்பதும் பாதி உண்மைதான். காலையில் தேவாலயப் பூசைக்கும் இரவில் கந்தோம்ப்ளே வழிபாட்டிடமான தெரெய்ரோவுக்கும் மனமாரப் போகிறவர்கள் ஏராளம்.

எனவே ‘சமய இணைவு’ என்பதே சரியான சொல். ‘சமய நல்லிணக்கம்’ பொருந்தவே பொருந்தாது. 1888 வரை சட்டப்படி நீடித்த அடிமைமுறையின் வற்புறுத்தலை அது மறைத்துவிடும். 1983-இல் மாயி ஸ்டெல்லா உள்ளிட்ட சால்வதோரின் கந்தோம்ப்ளே தலைவியர், இயான்சான் பார்பரா அல்ல என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். அந்த நிலைப்பாட்டை ‘இணைவு மறுப்பு’ என்று எழுதலாம். மொழியியலில் ‘சின்கிரெடிசம்’ என்ற இதே சொல், ஒரே வடிவம் பல வேற்றுமைகளுக்கு நிற்பதைக் குறிக்கும். அங்கே ‘சமய இணைவு’ உதவாது, ‘வடிவ ஒருமை’ எனலாம்.