வீடே இல்லாதவரிடம் அட்ரஸ் புரூஃப் கேட்டால்: மும்பைத் தமிழர்களுக்கு

சயான், மாட்டுங்கா பக்கம் பாலத்தடியில் குடும்பம் நடத்தும் நம் ஆட்கள் எந்தக் கவுன்டருக்குப் போனாலும் முதல் கேள்வி, "அட்ரஸ் புரூஃப் எங்கே?" இல்லை என்றதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். வீடில்லாதவரை ஒதுக்கக் கூடாது என்று தனியாக ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. இருக்கிற பாதுகாப்பு நாலு விதிகளில் சிதறிக் கிடக்கிறது.

முதலில் ஓட்டு. வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல் இரவு படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். பூத் அதிகாரியான பி.எல்.ஓ. இரவில், அதுவும் ஒரு நாளுக்கு மேல் வந்து பார்க்க வேண்டும். நீங்கள் அங்கே படுப்பது உறுதியானால் முகவரிக்குக் காகிதம் கேட்கக் கூடாது. தேர்தல் ஆணையத்தின் விதியே இதுதான். ஆனால் பகல் 11 மணிக்கு வந்து, "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மூட்டை தூக்கப் போனவர் அந்த நேரத்தில் பாலத்தடியிலா உட்கார்ந்திருப்பார்? அதனால் "இரவில் மட்டும் இருப்பேன்" என்று விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுத்து, ரசீது எண்ணை வாங்காமல் நகராதீர்கள். ஊர் வாக்காளர் பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 6 வேண்டாம், முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 போதும். தெரியாமல் 6-ஐப் போட்டுப் பொய் உறுதிமொழி என்று மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ரேஷன். "ஊர்க் கார்டை ரத்து செய்துவிட்டு வா" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, அங்கேயும் இங்கேயும் அரிசி இல்லாமல் நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ரத்து செய்யவே வேண்டாம். ஒரே நாடு ஒரே ரேஷனில் தமிழ்நாட்டுக் கார்டுக்கே இங்கே விரல் வைத்துத் தானியம் வாங்கலாம். ஆனால் கார்டில் பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்) என்றோ பிஎச்எச்-ஏஏஒய் (மிக ஏழைகளுக்கான அந்த்யோதயா) என்றோ இருக்க வேண்டும். என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றிருந்தால் வெளிமாநிலத்தில் எதுவும் கிடைக்காது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஊரில் தரும் பருப்பு, பாமாயிலும் இங்கே கிடையாது. ஆதார் இல்லை என்றால், நிலையான வீடில்லாதவருக்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஆதார் சட்டத்தின் 5-வது பிரிவே சொல்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் முடியாது என்றால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அப்போதுதான் ஃபைலைத் திறப்பார்கள்.

பயப்பட வேண்டியது 1959-ஆம் ஆண்டு பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டத்துக்கு. டெல்லியில் அதன் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு மும்பைக்கு வராது. கை நீட்டினால்தான் பிச்சை என்று நினைக்காதீர்கள். பிழைப்புக்கு வழி இருப்பதாகத் தெரியாமல், பிச்சையில் வாழ்பவர் போலத் தோன்றும்படி பொது இடத்தில் திரிவதையும் அந்தச் சட்டம் பிச்சையாகவே எடுத்துக்கொள்கிறது. வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் கார்டோ மேஸ்திரியின் போன் நம்பரோ எப்போதும் கையில் இருக்கட்டும். பிடித்துக்கொண்டு போய்விட்டால் வீட்டார் இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்கு போன் செய்ய வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று யாராவது சொன்னால் அலையாதீர்கள்.