1941 என்று சொல்லும் கிட்டார்: மரமும் பூச்சும் ஒத்துக்கொள்கின்றனவா?

இணையத்தில் ஒரு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “1941 மார்ட்டின் டி-28. ஹெர்ரிங்போன் ஓரம், பிரேசில் ரோஸ்வுட், எல்லாமே ஒரிஜினல்.” கூடவே பத்துப் பன்னிரண்டு படங்கள். மார்ட்டின் ஒரு அமெரிக்கக் கிட்டார் கம்பெனி, டி-28 அதன் மாடல்களில் ஒன்று. இதே டி-28ஐ இன்று புதிதாக வாங்கினால் சில ஆயிரம் டாலர்தான். 1941இல் செய்தது என்றால் பல்லாயிரம் டாலர். இந்த விலை வித்தியாசத்தை நம்பித்தான் போலிகள் பிழைக்கின்றன. கையில் எடுத்துப் பார்க்காமல், வாசித்துப் பார்க்காமல், படங்களை மட்டும் வைத்து அது நிஜமா என்று சொல்ல முடியுமா? நிஜம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பொய்யாக இருந்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

கிட்டாரின் வயதை அதன் எண் ஒருபக்கம் சொல்லும், மரம் ஒருபக்கம், பூச்சு ஒருபக்கம், உள்ளே இருக்கும் பசை ஒருபக்கம். இவற்றில் ஏதாவது ஒன்றைப் போலி செய்வது சுலபம். எல்லாவற்றையும் ஒரே ஆண்டைச் சொல்ல வைப்பது மிகவும் கஷ்டம். அதனால் பார்ப்பவர் தேட வேண்டியது, மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும் அந்த ஒரு விஷயத்தைத்தான்.

முதலில் எல்லாரும் கேட்பது சீரியல் நம்பர். மார்ட்டின் கம்பெனி 1833இல் நியூயார்க்கில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே பென்சில்வேனியாவின் நாசரேத்துக்கு இடம் மாறியது. 1898இல் 8000 என்று ஆரம்பித்து ஒவ்வொரு கிட்டாருக்கும் வரிசையாக எண் போட்டு வருகிறது. ஒலித்துளை வழியாக உள்ளே பார்த்தால், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஒரு மரக்கட்டை தெரியும். அந்தக் கட்டையில்தான் எண்ணைக் குத்தியிருப்பார்கள். 1930ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து எண்ணுக்கு மேலே மாடல் பெயரும் இருக்கும். எந்த ஆண்டு எந்த எண்ணோடு முடிந்தது என்ற பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடைக்கிறது. 1940 முடிந்தது 76734இல், 1941 முடிந்தது 80013இல். ஆக நம் விளம்பரக் கிட்டாரின் எண் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஏழு இலக்கம் இருந்தால் அதோடு கதை முடிந்தது, மார்ட்டின் பத்து லட்சமாவது கிட்டாரைத் தொட்டதே 2004இல்தான்.

எண் பொருந்திவிட்டால் பலர் அங்கேயே நிம்மதியாகிவிடுகிறார்கள். அது தவறு. பட்டியல் எல்லாருக்கும் கிடைக்கிறது என்றால் போலி செய்பவருக்கும் கிடைக்கிறது. இதற்கு நேர்மாறான சிக்கல், இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான கிப்சனின் கிட்டார்களில் உண்டு. 1960களில் அந்தக் கம்பெனி ஒரே எண்ணைப் பல கிட்டார்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டது. நூற்றுக்கு நூறு அசல் கிப்சனே எண்ணை மட்டும் வைத்துத் தன் வயதைச் சொல்லாது. எண்ணை விசாரணையின் முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, எண்ணுக்கு அடுத்தது தொழிற்சாலையின் பழக்கங்கள். மார்ட்டின் தன் கிட்டார்களைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டே இருந்த கம்பெனி. மேற்பலகைக்கு அடியில் எக்ஸ் வடிவில் ஒட்டியிருக்கும் தாங்குகட்டைகளை 1944ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி வரை உளியால் வளைவாகக் குடைந்து மெலிய வைத்தார்கள். அதன்பிறகு குடைவது நின்றது. டி-28இன் ஓரத்தில் ஓடும் ஹெர்ரிங்போன் என்ற மீன்முள் வடிவ மரப்பட்டை 1947 வாக்கில் மறைந்தது. விரல்பலகையில் இருந்த வைர வடிவப் பதிப்புகள் 1944 வாக்கில் வெறும் புள்ளிகளாயின. 1939இல் கழுத்தின் மேல்முனை அகலம் சுமார் 44.5 மில்லிமீட்டரிலிருந்து சுமார் 43ஆகக் குறைந்தது. மேற்பலகையில் கீறல் விழாமல் காக்க வெளியே ஒட்டும், ஆமையோட்டு நிறத்தில் இருந்த பிக்கார்டு என்ற தகடு 1960களின் பிற்பகுதியில் கறுப்பானது. கழுத்தின் வளைவைத் திருகித் திருத்தக்கூடிய ட்ரஸ் ராடு என்ற உலோகக் கம்பி மார்ட்டின் கழுத்துக்குள் வந்தது 1985இல்தான். ஆகவே “1941” கிட்டாரின் ஒலித்துளைக்குள் அந்தத் திருகின் தலை தெரிந்தால், மீதிப் படங்களைப் பார்க்கவே தேவையில்லை.

இந்தக் கழுத்து விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 1934 முதல் 1942 வரை மார்ட்டின் கழுத்துகளுக்குள் ஆங்கில T வடிவ எஃகுப் பட்டை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து எஃகு கிடைக்காமல் போனபோது அதற்குப் பதில் கருங்காலிப் பட்டை. போர் முடிந்ததும் மறுபடி எஃகு. பட்டை விரல்பலகைக்கு அடியில் புதைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எஃகுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டி, விரல்பலகையின் நடுக்கோட்டில் இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு இடையே தொங்கவிட்டால், எஃகு இருக்கும் கழுத்தை நோக்கி அது மெல்லச் சாயும். விரல்பலகையில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகள் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம், அவற்றைக் காந்தம் கண்டுகொள்ளாது. 1941 கழுத்து காந்தத்தை இழுக்க வேண்டும். 1944 கழுத்து இழுக்கக் கூடாது. விற்பவரிடம் இதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லலாம். செலவே இல்லை. இந்தப் பட்டையைப் பற்றி யோசித்துக் கழுத்துக்குள் மாற்றி வைக்கும் அளவுக்குப் பொறுமையான போலிக்காரர்கள் அரிது.

முழுப்போலிகளைவிட ஆபத்தானவை பாதி நிஜங்கள். அசல் மார்ட்டினையே எடுத்து, அதைவிட விலை உயர்ந்த மார்ட்டினாக மாற்றிவிடுவது. 1950களின் டி-28இல் ஹெர்ரிங்போன் ஓரத்தைப் பதித்து, உள்ளே தாங்குகட்டைகளைக் குடைந்துவிட்டால் பார்வைக்கு அது போருக்கு முந்தைய கிட்டார் மாதிரி ஆகிவிடும். டி-45 இன்னும் பெரிய ஆசை. உடலைச் சுற்றிச் சிப்பி பதித்த அந்த மாடலை 1933க்கும் 1942க்கும் இடையில் மொத்தமே 91தான் செய்தார்கள். இன்று ஒன்றின் விலை சில லட்சம் டாலர். 1968இல் மார்ட்டின் அந்த மாடலை மீண்டும் செய்யத் தொடங்கியபோது அதில் முக்கியப் பங்கு வகித்த மைக் லாங்வொர்த், அதற்கு முன் தன் சொந்தப் பட்டறையில் டி-28களுக்குச் சிப்பி பதித்து டி-45 போல மாற்றிக் கொடுத்தவர்தான். அவர் அதை ஒளிவுமறைவில்லாமல் செய்தார், அதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் அப்படி மாறிய கிட்டார்கள் கை மாறிக் கை மாறி வரும்போது வரலாறு உதிர்ந்துவிடுகிறது. அங்கேதான் உள்கட்டையில் குத்தியிருக்கும் மாடல் பெயர் உதவுகிறது. வெளியே சிப்பி மின்ன, உள்ளே “டி-28” என்று இருந்தால் விஷயம் தெளிவு. அந்த எழுத்துகளைச் சுற்றி மரம் சுரண்டியிருந்தால் இன்னும் தெளிவு.

அப்புறம் பூச்சு. என் பார்வையில் இதுதான் இந்த விஷயத்திலேயே ஆழமான பகுதி. அந்தக் காலத்து மார்ட்டின்களுக்கு அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். கரைப்பான் ஆவியானதும் காய்ந்துவிட்டது போலத் தெரியும், ஆனால் அதன் வேதியியல் அதோடு நிற்பதில்லை. நெகிழ்வைத் தரும் பொருட்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறுகின்றன. ஒளியும் காற்றும் பட்டு மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டாகின்றன. நிறம் மஞ்சளாகிறது, படலம் சுருங்கி விறைக்கிறது. அடியில் இருக்கும் மரமோ ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். விறைத்த படலத்தால் அதோடு ஒத்துப்போக முடியாது, அதனால் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடுகின்றன. குளிரில் கிடந்த பெட்டியைச் சூடான அறையில் சட்டென்று திறந்தாலே புதிய வெடிப்புகள் தோன்றும். போலி செய்பவர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்: கிட்டாரைக் குளிரவைத்துத் திடீரென்று சூடாக்குவார்கள், அல்லது சவர பிளேடால் கோடு இழுப்பார்கள். பிளேடு கோடு அளவுக்கு மீறி நேராக, ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் போகும். இயற்கையான வெடிப்பு வழியில் வளையும், கிளைக்கும், சில இடத்தில் மங்கிக் காணாமல் போகும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுத்த ஒரு படம் போதும்.

புற ஊதா ஒளி இன்னும் ஒரு படி ஆழமாகப் போகும். லாக்கர் சிதைந்து உருவாகும் சேர்மங்கள் புற ஊதாவை உள்வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகின்றன. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால், பல பத்தாண்டுப் பழைய நைட்ரோ லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். புதிய லாக்கர் அப்படி ஒளிராது. அதனால் பின்னால் தொட்டுப் பூசிய இடங்கள் இருண்ட திட்டுகளாக நிற்கும். கழுத்து ஒடிந்து ஒட்டிய இடத்தில் பூச்சு புதிது என்றால் அந்த எல்லைக்கோடு அப்படியே தெரியும், பகல் வெளிச்சத்தில் எவ்வளவு நேர்த்தியாக மறைத்திருந்தாலும் சரி. டார்ச் வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சமே அதிகம், கிட்டாரின் மெல்லிய ஒளிர்வை அது விழுங்கிவிடும். முழுக்க மறுபூச்சு அடித்த கிட்டார் அசல் மார்ட்டின்தான், போலி இல்லை. ஆனால் சந்தையில் அதன் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும். “ஒரிஜினல்” என்ற சொல்லுக்கு அங்கே அவ்வளவு எடை.

பிக்கார்டையும் கூர்ந்து பார்க்க வேண்டும். செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துச் செய்த பிளாஸ்டிக். கற்பூரத்தின் குணம் நமக்குத் தெரிந்ததுதான், காற்றில் மெல்ல மெல்லப் போய்க்கொண்டே இருக்கும். போகப்போகத் தகடு சுருங்கும். மார்ட்டின் அந்தத் தகட்டை லாக்கருக்கு அடியில், வெறும் மரத்தின்மேல் நேராக ஒட்டியது. சுருங்கும் தகடு மெல்லிய ஸ்புரூஸ் மரத்து மேற்பலகையையும் சேர்த்து இழுக்க, தகட்டின் ஓரமாக மரநார் வழியே ஒரு விரிசல் விழும். பழைய மார்ட்டின்களில் இந்த விரிசல் அவ்வளவு சாதாரணம். எண்பது வயதுக் கிட்டாரில் பிக்கார்டு நேற்று ஒட்டியது போலத் தட்டையாக இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிட முடியாது, மாற்றியிருக்கலாம். ஆனால் அதை விற்பவர் சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்புரூஸ் மரம் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்னிறமாகும், மரத்தில் இருக்கும் லிக்னின் ஒளியில் சிதைவதால் வரும் நிறம் அது. வெளிச்சம் படாமல் மூடியிருந்த இடம் வெளுப்பாகவே இருக்கும். கம்பிகளை முறுக்கும் ட்யூனர்களைக் கழற்றினால் அவற்றின் தகட்டு வடிவம் தலைப்பகுதியின் பின்புறத்தில் அச்சாகத் தெரிய வேண்டும். வேறு வடிவ அச்சோ, அடைத்த பழைய திருகு ஓட்டைகளோ இருந்தால் ட்யூனர்கள் மாறியிருக்கின்றன. சிலர் உட்புறத்துக்குக் காப்பி நிறச் சாயம் பூசிப் பழமையாக்குவார்கள். சாயம் கட்டைகளின் வெட்டுமுனையில் அதிகம் இறங்கிக் கறுத்து நிற்கும், இயற்கையாகப் பழுத்த மரம் அப்படிக் கறுப்பதில்லை. அந்தக் காலத்துப் பசை, விலங்குத் தோலைக் காய்ச்சிச் செய்யும் வஜ்ஜிரம். காய்ந்தால் கண்ணாடி போல விறைத்துப் பழுப்பாக நிற்கும். அதன் நடுவே பால் நிறத்தில் வெள்ளைப் பசை வழிந்திருந்தால் அங்கே யாரோ பின்னால் வேலை பார்த்திருக்கிறார்கள்.

தேய்மானமும் அப்படித்தான். பழைய வீட்டின் வாசற்படி நடுவில் மட்டும் தேய்ந்திருப்பது போல, கிட்டாரும் கை படும் இடத்தில்தான் தேயும்: வலது முன்கை சாயும் ஓரம், கட்டைவிரல் ஓடும் கழுத்தின் பின்புறம், முதல் மூன்று ஃப்ரெட்டுகளின் இடைவெளிகள். உடல் முழுக்கக் கீறல், ஆனால் விரல்பலகை மட்டும் மழமழவென்று இருந்தால் வாசிக்காமலே தேய்ந்த கிட்டார் அது.

இனி ரோஸ்வுட். 1960களின் இறுதியில் பிரேசில் மரத்துண்டுகளை அப்படியே ஏற்றுமதி செய்வது கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோமே, அதேதான். 1970 முதல் வந்த டி-28களின் முதுகும் பக்கங்களும் பெரும்பாலும் இந்த ஈட்டி. ஊதா கலந்த பழுப்பும் நேரான வரிகளும் ஈட்டியின் சாயல். செம்பழுப்பில் சிலந்திவலை போலக் கறுப்புக் கோடுகள் அலைவது பிரேசில் மரத்தின் சாயல். ஆனால் படத்தைப் பார்த்து மரத்தின் பெயரை உறுதியாகச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன். ஒரு சிறு சிலாம்பை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து, அதன் வேதிச் சேர்மங்களைக் கொண்டு இனம் பிரிக்கும் முறையை அமெரிக்காவின் வனவிலங்குத் தடயவியல் கூடம் பயன்படுத்துகிறது. உறுதி வேண்டுமென்றால் அந்த மாதிரிச் சோதனைதான் வழி.

படத்தில் தெரியாததைச் சட்டம் சில சமயம் காட்டிக்கொடுக்கும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்த வாத்தியங்களுக்கு 2019இல் கிடைத்த விலக்கு இதற்குப் பொருந்தாது. அந்தக் கிட்டார் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வர வேண்டுமானால், மரம் தடைக்கு முந்தையது என்று காட்டும் அனுமதிச் சான்று வேண்டும். “பிரேசில் ரோஸ்வுட்தான், பேப்பர் எதுவும் வேண்டாம், நாளைக்கே கூரியரில் அனுப்புகிறேன்” என்று ஒருவர் சொன்னால், ஒன்று மரம் பொய், இல்லையென்றால் கிட்டார் சுங்கத்தில் மாட்டும்.

ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். வயலின்களில் செய்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் “மெசையா” என்ற வயலின், இத்தாலியின் புகழ்பெற்ற வயலின் செய்பவர் ஸ்ட்ராடிவேரி 1716இல் செய்தது என்று அதன் லேபிள் சொல்கிறது. அது 19ஆம் நூற்றாண்டுப் போலி என்று சந்தேகம் எழுந்தபோது மேற்பலகையின் வளையங்களை ஆராய்ந்தார்கள். கடைசி வளையம் 1680களைச் சேர்ந்தது என்று வந்தது. லேபிளோடு அது ஒத்துப்போகிறது, ஸ்ட்ராடிவேரியின் கைதான் என்பதை அதனால் நிரூபிக்க முடியாது. 1941 கிட்டாரின் பலகையில் 1950இன் வளையம் இருந்தால் மட்டுமே வளையங்கள் தீர்ப்புச் சொல்லும்.

படங்களின் நேர்மையும் முக்கியம். எங்கோ விற்றுப்போன கிட்டாரின் படங்களைத் திருடிப் போடுவது வழக்கமான மோசடி. தலைகீழ்ப் படத்தேடலில் அது பெரும்பாலும் சிக்கும். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையைத் தாளில் எழுதி, கம்பிகளுக்கு இடையே செருகி, உள்கட்டை எண்ணோடு புதிய படம் கேளுங்கள். கிட்டார் நிஜமாகவே கையில் இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. அமெரிக்காவின் பல விண்டேஜ் கடைகள், கிட்டார் வந்து சேர்ந்தபின் 24 அல்லது 48 மணி நேரம் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப அவகாசம் தருகின்றன. அந்த அவகாசம் இல்லாத இடத்தில் பல்லாயிரம் டாலர் கொடுக்காதீர்கள். கொடுத்தால், பெட்டியைத் திறந்த அன்றே காந்தம், 365 டார்ச், ஒலித்துளைக்குள் நுழையும் சின்னக் கண்ணாடி, இவற்றோடு ஒரு நல்ல கிட்டார் ரிப்பேர்க்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.