பதினாறாம் நாள் வாங்கும் கையெழுத்து

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த உறவுகள் ஊருக்குக் கிளம்புவதற்குள் பெண் பிள்ளைகளைச் சார் பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது பல குடும்பங்களில் இன்னும் நடக்கிறது. சிவில் வழக்கறிஞராக என்னிடம் வரும் பாகப்பிரிவினை வழக்குகளில் பலவற்றுக்கு அந்தக் கையெழுத்துதான் வேர். "அண்ணன் போடச் சொன்னாங்க, போட்டேன் மேடம்" என்பார்கள். பத்திரத்தை வாங்கிப் படித்தால், பங்குக்கு ஈடாக ஒரு தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கும். அந்தப் பணத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"நகை போட்டோம், சீர் செய்தோம், அப்புறம் என்ன பங்கு?" என்று கேட்பார்கள். கல்யாணச் செலவு சொத்துரிமையைக் கழிக்காது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அவருடைய அம்மா எல்லோருக்கும் சமபங்கு. இந்துக்களுக்கு 1956 முதல் இதுதான் சட்டம்.

குழப்பமெல்லாம் பூர்வீகச் சொத்தில்தான். பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது வருஷம் ஆனது. 1956 சட்டத்துக்கு வந்த அந்தத் தமிழ்நாட்டுத் திருத்தமும் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆன மகள்களை விட்டுவிட்டது, அதை வைத்துத்தான் "உனக்கு அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சே" என்று இன்றைக்கும் அக்காமார்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் கணக்கு பழசு. 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு என்றது, கல்யாணத் தேதியைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகம் பிரிந்திருந்தால், அதை இந்தத் திருத்தத்தைக் காட்டிக் கலைக்க முடியாது.

பட்டா அண்ணன் பேருக்கு மாறிவிட்டது என்பதற்காகவும் பயப்பட வேண்டாம். பட்டா மட்டுமே உரிமையைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் தன் சுயசம்பாத்தியத்தை அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு செட்டில்மென்ட் (தானமாக எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதிப் பதிந்திருந்தால் அதை உடைப்பது கஷ்டம், வீண் நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை.

அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடும் என்ற பயம்தான் பெரும்பாலும் கையெழுத்துப் போட வைக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மனசார விட்டுக்கொடுப்பது உங்கள் உரிமை. சரி, துக்க வீட்டில் அவசரமாக எதற்கு? நகலை வாங்கி, வெளியாள் ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டு, சில மாதம் கழித்துப் போடுங்கள். காத்திருந்தால் பங்கு எங்கேயும் போய்விடாது.

ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால், ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பத்திர நகல், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் பண்ணுங்கள்.