இரண்டே கொட்டு: கரப்பானின் நடையைப் பறிக்கும் குளவி

எறும்பின் மூளைக்குள் ஒரு பூஞ்சை புகுந்து அதை ஆட்டிவைக்கிறதாமே, அது மனிதருக்கும் வருமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வராது. ஓபியோகார்டிசெப்ஸ் என்ற அந்தப் பூஞ்சையில் எறும்புகளைத் தாக்கும் ஒவ்வொரு வகையும் குறிப்பிட்ட எறும்பினத்தோடு நெடுங்காலமாக ஒட்டி வாழ்ந்து பழகியது. அதற்கு நம் உடல் முற்றிலும் அந்நியமான இடம். ஜெர்மனியில் மெசல் என்ற இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகள் பழைய புதைபடிவ இலையில், நரம்புகளை ஒட்டி, இந்த எறும்புகள் சாகும் தறுவாயில் இலையைக் கடித்துப் பிடிக்கும் மரணக்கடியைப் போன்ற தடங்கள் இருக்கின்றன. உறவு அவ்வளவு பழையது.

வாசகர் சொன்ன முதல் செய்தியில் மட்டும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பூஞ்சையின் ஸ்போர் எனும் நுண்விதை எறும்பின் மேல் ஒட்டி, அதன் உடலின் மேலோட்டைத் துளைத்து, உள்ளே பெருகுகிறது. நோயுற்ற எறும்பு கூட்டைவிட்டு விலகுகிறது. ஒரு செடியில் ஏறி, இலையின் அடிப்பக்க நரம்பைக் கடித்துப் பிடித்தபடியே சாகிறது. தாய்லாந்துக் காடுகளில் அளந்தபோது அந்த இலைகள் பெரும்பாலும் தரையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தன. பூஞ்சை வளர்வதற்கு ஏற்ற ஈரப்பதம் அங்கேதான் கிடைக்கிறது. பிறகு எறும்பின் தலையைப் பிளந்துகொண்டு காம்பு ஒன்று முளைத்து, கீழே ஸ்போர்களைத் தூவுகிறது. இவ்வளவையும் மூளைக்குள் அமர்ந்துதான் பூஞ்சை செய்கிறது என்று பலரும் நினைத்திருந்தார்கள். 2017-இல் எறும்பின் உடலை மெல்லிய சீவல்களாக மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்துப் பார்த்தபோது, பூஞ்சை தசைநார்களைச் சுற்றி வலைபோல் பின்னிக் கிடந்தது. தலையிலும் நிறைய இருந்தது. ஆனால் மூளைக்குள் அது இல்லவே இல்லை. வேதிப்பொருள்களை வெளியிலிருந்து அனுப்பி அது மூளையைப் பாதிக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மூளையையே நேராகக் குறிவைக்கும் உயிர் உண்டா என்று கேட்டால், உண்டு. அது பூஞ்சையில்லை, ஒரு குளவி. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மரகதக் குளவி சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம். நீலப்பச்சை உலோகப் பளபளப்பு, நடுக்கால், பின்னங்கால் தொடைகளில் சிவப்பு. குஞ்சுக்கு உணவாக அது தேடுவது தன்னைவிடப் பருமனான கரப்பானை. பல குளவிகள் இரையை முழுவதுமாகச் செயலிழக்கச் செய்து சுமந்துசெல்லும். கரப்பானை இந்தக் குளவியால் தூக்க முடியாது. ஆகவே அதை அதன் கால்களாலேயே நடத்திக் கூட்டிப்போகிறது.

முதல் கொட்டு மார்புப் பகுதியில். முன்னங்கால்களை இயக்கும் நரம்பு முடிச்சுக்குள் நஞ்சு இறங்குகிறது. அந்த நஞ்சில் காபா, டாரின், பீட்டா-அலனின் ஆகியவை உள்ளன. நரம்பணுக்களை அடக்கிவைக்கும் இந்தப் பொருள்களால் முன்னங்கால்கள் சில நிமிடங்களுக்கு மடங்கிப்போகின்றன. கரப்பானால் தலையைக் காத்துக்கொள்ள முடிவதில்லை. குளவிக்குத் தேவை அந்தச் சில நிமிடங்கள்தான். இரண்டாவது கொட்டுக்கு அது கழுத்தின் மெல்லிய தோலைத் தேர்கிறது. கொடுக்கு அதன் வழியே தலைக்குள் ஏறி, மூளையிலும் அதற்குக் கீழுள்ள நரம்பு முடிச்சிலும் நஞ்சை இடுகிறது.

நஞ்சு உண்மையிலேயே மூளைக்குள் போகிறதா என்பது நீண்டகாலம் விவாதமாகவே இருந்தது. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் லிபர்சாட்டின் குழு 2003-இல் அதற்கு விடை கண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். குளவிகளின் உடலில் கதிரியக்கக் கார்பன் கொண்ட அமினோ அமிலங்களைச் செலுத்தினார்கள். குளவி அவற்றைக் கொண்டே நஞ்சைத் தயாரித்ததால் நஞ்சும் கதிரியக்கம் பெற்றது. அதன்பின் கரப்பானைக் கொட்டவிட்டு, கதிரியக்கம் எங்கே தேங்கியிருக்கிறது என்று தேடினார்கள். தலையின் நரம்பு முடிச்சுகளுக்குள்ளேயே இருந்தது. மூளை நீக்கப்பட்ட கரப்பானைக் கொடுத்தபோது குளவி கொடுக்கைச் சீக்கிரம் வெளியே எடுக்கவில்லை. வழக்கமாக ஒரு நிமிட அளவில் முடிகிற வேலைக்கு, பத்து நிமிடத்துக்கும் மேலாகத் தலைக்குள் துழாவிக்கொண்டிருந்தது. கொடுக்கின் நுனியில் தொடு உணர்வுறுப்புகள் இருப்பது பின்னர் தெரியவந்தது. இருட்டில் விரலால் சாவித்துளையைத் தேடுவதுபோல அது மூளையைத் தடவிக் கண்டுபிடிக்கிறது.

கொட்டுப்பட்ட கரப்பான் முதல் அரைமணி நேரம் ஓடாமல் தன் உடலை இடைவிடாது துடைத்துக்கொண்டிருக்கும். நஞ்சிலுள்ள, டோபமின் என்ற நரம்பு வேதிப்பொருளைப் போன்ற ஒன்றின் வேலை அது. குளவி அதற்குள் பொந்து தேடிப் போய்வந்துவிடும். பிறகு கரப்பானின் உணர்கொம்புகளைப் பாதியில் நறுக்கி, கசியும் திரவத்தைச் சிறிது குடிக்கும். மிச்சமிருக்கும் கொம்பைப் பற்றி இழுத்தால், கயிறு கட்டிய கன்றைப்போலக் கரப்பான் பின்னால் நடந்துவரும்.

ஆம், நடந்துதான் வரும். அதற்கு வாதம் வரவில்லை. புரட்டிப்போட்டால் நிமிர்ந்துகொள்ளும். காற்றுச் சுரங்கத்தில் தொங்கவிட்டால் சரியாகவே பறக்கும். தண்ணீரில் இட்டால் நீந்தும், ஆனால் வெகு சீக்கிரம் நிறுத்திவிடும். காலில் மின்சாரம் பாய்ச்சினால் நடக்கும், ஆனால் வழக்கத்தைவிட அதிக மின்னழுத்தம் தந்தால்தான். நடக்கத் தொடங்கிவிட்டாலோ கால்களின் தாளத்தில் எந்தப் பிழையும் இல்லை. கால்களை மாற்றி மாற்றி எடுத்துவைக்கும் தாளம் மார்பின் நரம்பு முடிச்சுகளில் பிறக்கிறது. தலையிலிருந்து வருவது ‘தொடங்கு’, ‘நிறுத்தாதே’ என்ற தூண்டுதல். குளவி மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தத் தூண்டுதலை மட்டும் தணித்துவிடுகிறது.

இதற்கு இன்னும் வலுவான சான்று, பூச்சிகளின் உடலைச் சுறுசுறுப்பாக வைக்கும் ஆக்டோபமின். கொட்டுப்பட்ட கரப்பானுக்குள் அதைப்போல வேலைசெய்யும் பொருளை ஊசியால் இட்டபோது, கரப்பான் ஓரளவு தானாக மறுபடி நடந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘தானாக நடப்பது’ என்று நாம் சொல்வதற்கு உடலில் ஓர் இடம் இருக்கிறது, அதற்கென ஒரு வேதிப்பொருளும் இருக்கிறது!

கரப்பானையும் குளவியையும் ஆராயப் பணம் ஒதுக்குவது வீண் என்று பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. பார்க்கின்சன் நோயாளி ஒருவர் நடக்க நினைத்தும் முதல் அடியை எடுத்துவைக்க முடியாமல் நிற்பதைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். அங்கே குறைவது டோபமின். நடையை எது தொடங்கிவைக்கிறது என்பது மிக அடிப்படையான கேள்வி. அதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் உயிர்கள் அரிது.

இதே ஆர்வம் சிலரை மறுகரைக்குக் கொண்டுபோய்விடுகிறது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றிய எலிகளுக்குப் பூனை வாடை மீதுள்ள அச்சம் குறைகிறது. அந்த ஒட்டுண்ணி பாலினப்பெருக்கம் செய்வது பூனையின் குடலில் மட்டும் என்பதால் அதற்கு இது ஆதாயம். அதைவைத்து மனிதரின் குணத்தையெல்லாம் ஒட்டுண்ணியின் தலையில் கட்டுவது அறிவியலாகாது. பேய் பிடித்தது என்பதற்குப் புதுப்பெயர் வைப்பதைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற வழக்கு தமிழில் உண்டு. புழுவை வைத்து அடைத்த மண்கூட்டிலிருந்து குளவி பறந்து வந்ததைக் கண்டவர்கள் சொன்னது. பார்த்தது சரி, புழு உருமாறியது என்ற முடிவுதான் பிழை. உள்ளே ஒரு முட்டை இருந்தது. மரகதக் குளவியும் கரப்பானின் கால் அடியில் முட்டையொன்றை ஒட்டிவைத்து, பொந்தைச் சிறு கற்களால் மூடிவிட்டுப் போய்விடுகிறது. முட்டை இல்லாவிட்டால் சுமார் ஒரு வாரத்தில் நஞ்சு தெளிந்து கரப்பான் பழைய நடைக்குத் திரும்பிவிடும். முட்டை பொரிந்தால் அந்த வாய்ப்பு இல்லை. குஞ்சுப்புழு முதலில் வெளியிலிருந்து உறிஞ்சிவிட்டு, பிறகு உள்ளே நுழைகிறது. கரப்பானின் உடலில் பாக்டீரியாக்கள் மிகுதி. ஆகவே புழு தன் வாயிலிருந்து மெலின், மைக்ரோமோலைட் என்ற கிருமிக்கொல்லிகளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தான் உண்ணப்போகும் இடத்தைச் சுத்தம் செய்துகொள்கிறது.

சில வாரங்கள் கழித்து, வெற்றுக்கூடாகிவிட்ட கரப்பானை உடைத்துக்கொண்டு புதிய குளவி வெளியே வருகிறது. தாயை அது பார்த்ததில்லை. ஒருவரும் அதற்கு எதையும் காட்டித்தரவில்லை. பெண்ணாக இருந்தால், தான் சந்திக்கும் முதல் கரப்பானின் மார்பில் ஒரு முறை கொட்டிவிட்டு, அதன் கொடுக்கு நேராகக் கழுத்தின் மெல்லிய தோலைத் தேடிப் போகும்.