தாளத்தை முந்தும் கால்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தோழியை வீடு வரை கொண்டுவிடப் போகும்போது, தெருமுனை தாண்டுவதற்குள் எங்கள் இருவர் காலும் ஒரே நேரத்தில் தரையில் படத் தொடங்கிவிடுகின்றன. நாங்கள் வேண்டுமென்று செய்வதில்லை. எப்படி நடக்கிறது?"

இதே காட்சியை வைத்து 1930-லேயே அமெரிக்காவில் ஒரு பாட்டு வந்திருக்கிறது: 'வாக்கிங் மை பேபி பேக் ஹோம்'. இசை ஃப்ரெட் ஆலர்ட், வரிகள் ராய் டர்க். 1952-இல் ஜானி ரே, நாட் கிங் கோல் இருவர் குரலிலும் அது மறுபடி பிரபலமானது. புல்வெளியும் பண்ணையும் கடந்து, கையோடு கை கோத்து, காதலியை வீட்டில் கொண்டுவிடுகிறவன் பாடுவது. அந்தக் கை கோத்தல் நமக்குத் தேவைப்படும், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் தாளம். இயல்பாக நடக்கும்போது பெரும்பாலோர் நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி வைக்கிறோம், அதாவது வினாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு. பாட்டின் வேகம் இதற்கு அருகில் இருந்தால் கால் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. மெதுவான பாட்டென்றால் ஒரு தட்டுக்கு இரண்டு அடி வைத்துச் சமாளிக்கிறோம். இதில் பெரிய புதிரில்லை.

புதிர் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு சத்தம் கேட்டபின் காலை அசைக்கச் சொன்னால், நாம் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் வினாடியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு தாமதமாகும். அப்படியானால் தாளத்துக்கு நடக்கிறவர் ஒவ்வொரு அடியையும் தாமதமாகத்தானே வைக்க வேண்டும்? வைப்பதில்லை. மூளை தட்டைக் கேட்டுவிட்டு அசைவதில்லை. அடுத்த தட்டு எப்போது வரும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கு முன்பே தசைக்கு உத்தரவு அனுப்பிவிடுகிறது. அசையாமல் உட்கார்ந்து தாளம் கேட்டால்கூட, மூளையில் உடல் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் வேலை செய்வதை ஸ்கேன் படங்களில் பார்த்திருக்கிறார்கள்.

இதைவிட அழகான ஒன்று உண்டு. சீரான 'டிக் டிக்' ஒலிக்கு ஏற்ப விரலால் மேசையைத் தட்டச் சொன்னால், மக்கள் ஒலிக்குச் சில பத்து மில்லி வினாடி *முன்பே* தட்டுகிறார்கள். தட்டுகிறவருக்கு அது தெரிவதில்லை, சரியாகத் தட்டுவதாகவே நினைக்கிறார். காலால் தட்டச் சொன்னால் இன்னும் முந்துகிறார்கள்! ஏன் கால் அதிகமாக முந்த வேண்டும்? ஒரு விளக்கம் இது: காதிலிருந்து மூளைக்குத் தூரம் சில அங்குலம்தான். பாதத்திலிருந்து ஒன்றரை மீட்டர். நரம்புச் செய்தி வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் அதற்கு 30 மில்லி வினாடி பிடிக்கும். 'கால் பட்டது', 'ஒலி கேட்டது' என்ற இரண்டு செய்திகளும் மூளையில் ஒன்றாக வந்து சேர வேண்டுமென்றால், தூரத்தில் இருக்கும் கால் சீக்கிரமே கிளம்பியாக வேண்டும். நாம் உணரும் 'ஒரே நேரம்' என்பது மூளைக்குள் நடக்கும் சந்திப்பு, தரையில் நடப்பதல்ல. எனக்கு இதை எத்தனை முறை யோசித்தாலும் சலிப்பதில்லை.

சரி, பாட்டே இல்லாமல் இருவர் நடந்தால்? அப்போது துணைக்கு வருகிறவரே தாளம். அவருடைய காலடி ஓசையும், ஓரக்கண்ணில் தெரியும் தோள் அசைவும் போதும். இஸ்ரேலைச் சேர்ந்த ஸிவோடோஃப்ஸ்கி, ஹவுஸ்டார்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளி மாணவிகளை ஜோடியாக நடக்கவைத்து, ஒருமுறை பார்வையை மறைத்தும் இன்னொருமுறை ஓசையை மறைத்தும் வேறொருமுறை கை கோக்கவைத்தும் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். கால்களை மிக வலுவாக இணைத்தது தொடுதல்தான். கை கோத்தால் மற்றவரின் உடல் அசைவு உங்கள் கை வழியாகவே உங்களுக்கு வந்துவிடுகிறது. 1930-இன் பாடலாசிரியர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

காதலுக்கும் இதில் பங்குண்டு. சியாட்டில் பசிபிக் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், ஆண்கள் காதலியுடன் நடக்கும்போது தங்கள் வழக்கமான வேகத்தைச் சுமார் 7 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள். வெறும் தோழியுடன் நடக்கும்போது அவ்வளவு விட்டுக்கொடுக்கவில்லை.

"மாணவிகள் ஜோடியாக நடப்பதைப் பார்க்கவெல்லாம் ஆராய்ச்சிப் பணமா?" என்று கேட்கிறவர்கள் எப்போதும் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி மீது பொறுமை குறைவு. ஹவுஸ்டார்ஃப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது முதியோரும் பார்க்கின்சன் நோயாளிகளும் ஏன் தடுமாறி விழுகிறார்கள் என்பதை. அந்த நோயில் மூளையின் உள் தாளக்காரர் பழுதாகிவிடுகிறார்; வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். வெளியிலிருந்து தாளம் கொடுத்தால் பலருக்குக் கால் நகர்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் தாட் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் மூன்று வாரம் வீட்டிலேயே, தாளம் அழுத்தமாகக் கேட்கும் இசை நாடாவுக்கு ஏற்ப நடந்து பழகினார்கள். நடை வேகம் 25 சதவீதமும் காலடியின் நீளம் 12 சதவீதமும் கூடின. மாத்திரையை மாற்றவில்லை, கேசட்தான் கொடுத்தார்கள்.